விக்கிறதுக்கா, இருக்கிறதுக்கா?

வில்மர், மினசோட்டா
ஏப்ரல் 7, 2014

மார்லிஸ்,

இங்கே பனி இன்னும் கரையவில்லை. தெரு ஓரத்தில் மட்டும் அழுக்காக உருகி நிற்கிறது. ஏரி கெட்டியாகத்தான் கிடக்கிறது. சரி, வானிலையை முடித்துவிட்டேன்.

போன் வேண்டாம், எழுது என்றாய். போனில் நாம் இரண்டு பேரும் பனியைப் பற்றிப் பேசி முடித்த பிறகு மூச்சு விடும் சத்தம்தான் கேட்கிறது என்றாய். உண்மைதான். ஆனால் நான் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட பஸ்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். எழுத்து எனக்கு எவ்வளவு வரும் என்று உனக்கே தெரியும். பொறுத்துக்கொள்.

வீடு விற்றுத் தருகிற டார்லா வந்திருந்தாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, "உங்க பொண்ணு ஜனவரியில தவறிட்டான்னு கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தமா இருந்துச்சு" என்றாள். நன்றி என்றேன். அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் சமையலறையில் நின்றாள். மேடையைப் பார்த்தாள். "ஓ... இது வித்தியாசமா இருக்கே!" என்றாள். நம் ஊரில் ஒருத்தர் வித்தியாசமா இருக்கு என்று சொன்னால் பிடிக்கவில்லை என்றுதான் பொருள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் சொன்னது இதுதான். "குடியிருக்கிற வீட்டுக்கு மேடை போடறது வேற, விக்கிற வீட்டுக்குப் போடறது வேற, ஓரின். குடியிருந்தா உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க. விக்கணும்னா யாருக்குமே பிடிக்காமப் போகாததைப் போடுங்க." அப்படி ஒரு கல் இருக்கிறதாம். மூன்று மாதிரித் துண்டுகள் கொடுத்திருக்கிறாள். வெள்ளை குவார்ட்ஸ் ஒன்று, பழுப்புப் புள்ளி போட்ட கிரானைட் ஒன்று, கல் மாதிரி நடிக்கிற லேமினேட் ஒன்று. மூன்றையும் இதோடு அனுப்புகிறேன். உனக்கு எது பிடிக்கிறது என்று எழுது.

இன்னொன்று. ஜன்னல் ஓரம் நம் பிரிட்டாவின் சக்கர நாற்காலி உள்ளே நுழைகிற மாதிரி நான் தாழ்த்திப் போட்ட மேடை. அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கச் சொல்கிறாள். "இது இருந்தா பாக்க வர்றவங்க ஏன்னு கேப்பாங்க. கேட்டா நீங்க பதில் சொல்லணும். சொன்னா அவங்களுக்குச் சங்கடமாயிடும். சங்கடப்பட்டவங்க வீடு வாங்க மாட்டாங்க." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது அந்த மேடை மேல் கைகூட வைக்கவில்லை.

எடுத்துவிடவா? என்ன சொல்கிறாய்?

சாவுக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்த பாத்திரங்கள் இன்னும் மேடை முழுக்க அடுக்கிக் கிடக்கின்றன. டார்லா அதையும் பார்த்துவிட்டாள். இந்த வாரம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். எல்லாவற்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறது. ஒரு நீலக் கண்ணாடித் தட்டில் மட்டும் டேப் உரிந்துவிட்டது.

உன் அக்கா ஆர்டிஸைக் கேட்டதாகச் சொல்.

ஓரின்


டுலூத்
ஏப்ரல் 12

ஓரின்,

கல் வந்து சேர்ந்தது. பெட்டி மேல் மருந்துக்கடை லேபிள் அப்படியே இருந்தது, பிரிட்டாவின் பெயரோடு. கிழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். பரவாயில்லை.

நீலத் தட்டு எதிர் வீட்டு லவோனுடையது. சர்ச்சில் கொண்டுபோய் வைத்துவிடாதே. அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டுவாள். கழுவிக் கொடு. கழுவுவது என்றால் தண்ணீரில் காட்டுவது இல்லை.

மூன்று கல்லும் ஆர்டிஸின் மேஜை மேல் கிடக்கின்றன. என் அக்கா எதையும் வீணாக்க மாட்டாளே, பழுப்புக் கிரானைட் மேல் காபிக் குவளையை வைத்துக்கொள்கிறாள். "இது நல்லாருக்குடி, சூடு தாங்குது. எனக்கே குடுத்துடேன்" என்கிறாள். வெள்ளையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் பிடிக்காமல் போகாத கல் என்று அவள் சொன்னது சரிதான். எனக்கும் பிடிக்காமல் போகவில்லை.

எதுவானாலும் சரி. டார்லாவுக்குத் தெரியாததா.

தாழ்ந்த மேடை உன் இஷ்டம்.

அழுகை வருகிறதா என்று ஆர்டிஸ் தினமும் கேட்கிறாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. அதைச் சொன்னேன். "அப்ப மருந்து விட்டதும் வலிக்கும், பாத்துக்கோ" என்றாள். எப்போது விடும் என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. அவள் புருஷன் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, அவளுக்கே தெரியவில்லை.

டப்பாவில் இருந்து நேராக எடுத்துச் சாப்பிடாதே.

மார்லிஸ்


வில்மர்
ஏப்ரல் 19

மார்லிஸ்,

லேபிளுக்கு மன்னித்துக்கொள். பெட்டி கைக்குக் கிடைத்தது, யோசிக்கவில்லை.

பாத்திரங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. லவோன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு வந்தாலும் வரும். நீலத் தட்டை வாசலிலேயே நீட்டினேன்.

"காபி குடிக்கிறியா, ஓரின்?"

"வேண்டாம் வேண்டாம், தட்டைக் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"கொஞ்சமா?"

"உனக்கு எதுக்குச் சிரமம்."

"போட்டு வெச்சது அப்படியே இருக்கு. நீ குடிக்காட்டி கீழதான் கொட்டணும்."

"அப்படின்னா சரி, கொஞ்சூண்டு."

கொஞ்சூண்டு என்பது இந்தப் பெரிய குவளை. கூடவே ஒரு துண்டு எலுமிச்சை பார் கேக். அதற்கும் இதே மூன்று சுற்று. நம் ஊரில் ஒருத்தன் பட்டினியில் விழுந்து கிடந்தாலும் முதல் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். தட்டு சுத்தமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இருந்தது.

பிறகு கல் பட்டறைக்குப் போனேன். பலகை பலகையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே லானி என்று ஒருவன், வளர்த்தியான ஆள், கண் இமை வரைக்கும் கல் தூசி. என்னைப் பார்த்ததும் எடுத்த எடுப்பில் கேட்டான்.

"விக்கிறதுக்கா, இருக்கிறதுக்கா?"

எதிரே கார் வந்ததும் மான் நிற்குமே, அப்படி நின்றேன். எதற்குக் கேட்கிறாய் என்றேன். "விக்கிறதுன்னா அந்தப் பக்கம், இருக்கிறதுன்னா இந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் ஒரே ஆளு பாத்தா குழம்பிடுவாரு" என்றான். விற்கிறதற்கு என்றேன். அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை.

திரும்பும்போது மூலையில் ஒரு துண்டு கண்ணில் பட்டது. மாக்கல். சாம்பல் நிறம், நடுவில் வெள்ளையாக ஒரு ரேகை ஓடுகிறது. யாரோ பெரிய மேடைக்கு வெட்டியது போக மிஞ்சியதாம். கை வைத்தேன். மற்ற கல் மாதிரி சில்லென்று இல்லை. "அடுப்புல இருந்து எடுத்த சட்டியை அப்படியே வைக்கலாம், ஒண்ணும் ஆகாது. குவார்ட்ஸ்ல வெச்சீங்கன்னா தழும்பு விழும்" என்றான். "ஆனா இது கீறும். எண்ணெய் தேச்சு வெச்சுக்கணும். நீங்க என்ன செஞ்சாலும் அதுல தெரியும். விக்கிறவங்க இதைத் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது." நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளை குவார்ட்ஸ் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் வெட்டவில்லை. தாழ்ந்த மேடையை என்ன செய்வது என்று லானியும் கேட்கிறான். எடுத்துவிடலாமா, மார்லிஸ்? உனக்கு வேறு யோசனை இருந்தால் சொல்.

ஓரின்


டுலூத்
ஏப்ரல் 26

ஓரின்,

இங்கே ஏரிப் பக்கம் இருந்து காற்று வந்துகொண்டே இருக்கிறது. ஆர்டிஸ் ரேடியோவை நிறுத்துவதே இல்லை. மழை வரும் என்று ரேடியோ சொல்கிறது, ஜன்னலில் மழை பெய்துகொண்டிருக்கிறது.

வெள்ளையையே போடு. தாழ்ந்த மேடை விஷயம்தான் போன கடிதத்திலேயே எழுதினேனே. உனக்கு எது வசதியோ அதைச் செய். என்னை எதற்குத் தொந்தரவு செய்துகொண்டு.

இங்கே சமையல் என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன், சும்மா உட்கார முடியவில்லை. ஆனால் ஆர்டிஸின் மேடை எனக்குச் சரிப்படவில்லை. எல்லா வீட்டிலும் இருக்கிற உயரம்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் அந்த உயரத்தில்தானே அத்தனை வருஷம் வேலை பார்த்தேன். இப்போது நின்றுகொண்டு உருளைக்கிழங்கு உரித்தால் தோள் கடுக்கிறது. நம் வீட்டில் நான் நின்று உரித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அது இங்கே வந்துதான் தெரிகிறது. நேற்று கத்தியை எடுத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டு ஜன்னல் பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஜன்னலுக்கு அடியில் இருக்கிற சுவர். ஆர்டிஸ் பார்த்துவிட்டு, "அங்க என்னடி பண்றே, மூஞ்சியைச் சுவத்துல வெச்சுக்கிட்டு?" என்றாள். உருளைக்கிழங்கு உரிக்கிறேன் என்றேன்.

லவோன் கதை படித்தேன்.

மார்லிஸ்


டுலூத்
மே 4

ஓரின்,

உன்னிடம் இருந்து பதில் வரவில்லை. வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லவோன் உன்னைக் காபிக்கு மூன்று தடவை கேட்டாள் என்று எழுதினாயே, அதைப் படித்தபோது சிரித்தேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. ஆர்டிஸ் ரேடியோவைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தாள். இன்று காலை மறுபடி அதை எடுத்துப் படித்தேன். சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது.

காபிக்கு மூன்று தடவை. எலுமிச்சை பாருக்கு மூன்று தடவை. என் பெண்ணின் மேடைக்கு இரண்டே தடவையா?

உன் இஷ்டம் என்றேன். தொந்தரவு வேண்டாம் என்றேன். இரண்டு முடிந்தது. மூன்றாவதாக நீ கேட்பாய் என்று தபால்காரனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வேறு ஊர்க்காரனைக் கட்டியிருந்தால் அவனுக்கு இது தெரியாது, விட்டுவிடலாம். நீ இந்த ஊரில் பிறந்தவன்.

வீட்டை விற்கலாம் என்று நான் எப்போது சொன்னேன்? நன்றாக யோசித்துப் பார். "வேணும்னா வித்துடலாம்" என்றது நீ. "உனக்கு அப்படித் தோணினா சரி" என்றேன். அதற்கு அர்த்தம் சரி என்றா? என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தாயே, ஒரு நாளாவது நான் அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கிறேனா?

எழுத ஆரம்பித்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். நான் கிளம்பின அன்று மேஜை அருகே உட்கார்ந்தபடி, கிளம்புகிறவர்கள் செய்வது போல் முழங்காலில் கையால் தட்டிக்கொண்டு "சரி, அப்ப கிளம்பறேன்" என்றேன். "இரேன்" என்றாய். வாசலில் கோட்டை மாட்டினேன். "ரோடு எப்படியிருக்கோ, இரேன்" என்றாய். அதன் பிறகு கார். நம் ஊரில் யாராவது காருக்கு வராமல் வழியனுப்புவார்களா? குலுக்கல் சீட்டு விற்க வந்தவனையே நீ கார் வரைக்கும் போய்க் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு பேசிக் கொல்லுவாய். நான் அந்தக் குளிரில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வரவில்லை.

அதனால் சொல்கிறேன். கேட்காமலே சொல்கிறேன், எனக்கு இது எவ்வளவு அவமானம் என்று உனக்குத் தெரியும். வெள்ளைக் கல்லையோ எந்தக் கல்லையோ போடு. தாழ்ந்த மேடையைத் தொடாதே.

மார்லிஸ்


வில்மர்
மே 5

மார்லிஸ்,

நீ ஏப்ரல் கடைசியில் போட்ட கடிதம் வந்தது. சரி, உனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன். லானி வந்து அளவெடுப்பதற்கு முன்னால் தாழ்ந்த மேடையை எடுத்தாக வேண்டும். அவன் ஆட்களே எடுத்துவிடுவார்கள் என்றான். வேண்டாம், நான்தானே போட்டேன், நானே எடுக்கிறேன் என்றேன். சனிக்கிழமை எடுத்தேன்.

எளிதாக வந்துவிட்டது. சுவரில் பிடித்திருந்த இரும்புத் தாங்கிகளைக் கழற்றி, பலகையை அறுத்தேன். அவள் ரொட்டிக்கல்லை வைத்துச் சுட்டுவிட்ட அரைவட்டக் கருப்பு இருக்கிறதே, ரம்பம் அது மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. தூக்கிப் போடப் போகிற பலகைதானே.

கவிழ்த்துப் போட்டேன். அடியில் சூயிங்கம். ஒன்று இரண்டு இல்லை மார்லிஸ், பலகையின் அடி முழுக்க. வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு. சிலது கல்லாகிப் போயிருக்கின்றன. சிலதில் விரல் வைத்து அழுத்தின பள்ளம் இருக்கிறது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும், கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னாரே. நாம்கூட அதற்காக வீட்டில் வாங்குவதில்லை என்று வைத்திருந்தோமே. இருபத்து மூன்று வயதுப் பெண் இப்படி ஒளித்து ஒட்டி வைத்திருக்கிறாள். யார் வாங்கிக் கொடுத்தது என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டாம், நான் கொடுத்திருக்கிறேன். பஸ் பட்டறையில் இருந்து வரும்போது சட்டைப் பையில். நீ குளிக்கப் போகும்போது. ஆனால் நான் கொடுத்தது எல்லாம் பச்சை. வெள்ளையும் சிவப்பும் எங்கே இருந்து வந்தன என்று தெரியவில்லை.

கராஜில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஊசி போட்ட கன்னம் என்று நீ எழுதியிருந்தாயே, எனக்கு முழு உடம்பும் அப்படித்தான் இருந்தது. பிறகு எழுந்து தாங்கி இருந்த ஓட்டைகளைப் பூசி, சுவர் முழுக்க வெள்ளை அடித்தேன். டார்லா வந்து பார்த்துவிட்டு "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு!" என்றாள்.

ஏரி திறந்துவிட்டது. பனிக்கட்டி முழுக்கப் போய்விட்டது.

ஓரின்


டுலூத்
மே 9

ஓரின்,

உன் கடிதம் வந்தது. என் கடிதம் உனக்கு வந்திருக்கும்.

வெள்ளை நான் கொடுத்தது. சிவப்பு ஆர்டிஸாக இருக்கும். கேட்டேன், "கிறிஸ்துமசுக்கு வர்றப்பல்லாம் குடுப்பேன், உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தா" என்றாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சொல்லியிருந்தாள்.

மூன்று பேரையும் நன்றாக ஏமாற்றியிருக்கிறாள், கழுதை.

மேடை விஷயம் தெரிந்தது. உன் மேல் தப்பு இல்லை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாய்.

இனி என்னை எதுவும் கேட்க வேண்டாம். இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன். எதுவானாலும் சரி.

மார்லிஸ்


வில்மர்
மே 17

மார்லிஸ்,

உன் மே நான்காம் தேதிக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். லவோன் தெருவைத் தாண்டி வந்து, "என்ன ஓரின், உடம்புக்கு ஏதாவதா?" என்றாள். பரவாயில்லை என்றேன். மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன், தெருவில் நின்றுகொண்டே. மறுநாள் நீலத் தட்டில் சுடச்சுட ஹாட்டிஷ் சாப்பாடு வந்தது. அடியில் புது டேப், கொட்டை எழுத்தில் பெயர்.

முதலில் கார் விஷயம். நான் வந்தேன், மார்லிஸ். பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்று கிடைத்தது, இன்னொன்று சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கழற்றிப் போட்டு மாற்றி மாட்டிக்கொண்டு போன குழப்பத்தில் எங்கேயோ இருந்தது. ஒற்றைப் பூட்ஸோடு வாசலைத் திறந்தேன். நீ தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாய். காலுறையோடு ஓடி வந்திருக்கலாம். அப்போது அது தோன்றவே இல்லை. பனியில் பூட்ஸ் இல்லாமல் யார் வெளியே வருவார்கள் என்றுதான் தோன்றியது.

வீட்டை விற்பது உன் ஆசை என்று நினைத்தேன். வேணும்னா என்று நான் இழுத்தது, நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்றுதான். நீ சொல்லவில்லை. சரி, இவளுக்கு இந்தச் சமையலறையைப் பார்க்க முடியவில்லை போல என்று டார்லாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் வேண்டாத வேலையை இரண்டு பேரும் எவ்வளவு மரியாதையாகச் செய்து முடித்திருக்கிறோம், பார்.

வியாழக்கிழமை லானி கல்லோடு வந்தான். நீள மேடைக்கு வெள்ளை வெட்டியாகிவிட்டது, திருப்ப முடியாது. அதை ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் பக்கத்துத் துண்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அதை வண்டியிலேயே வைக்கச் சொன்னேன். லானி என்னைப் பார்த்தான். "அந்த மூலையில ஒரு மாக்கல் துண்டு இருந்துச்சே, போயிடுச்சா?" என்றேன். "அதை யாரு வாங்குவாங்க, அங்கயேதான் கிடக்கு" என்றவன், சற்று நின்று, மறுபடி கேட்டான். "இப்ப இது விக்கிறதுக்கா, இருக்கிறதுக்கா?"

இருக்கிறதற்கு என்றேன்.

சொன்னதும் மருந்து விட்டுவிட்டது, மார்லிஸ். ஆர்டிஸ் சொன்னது சரி, வலிக்கிறது. லானி அந்தப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

டார்லாவிடமும் சொல்லிவிட்டேன். "ஓ, அது வித்தியாசமான முடிவு" என்றாள்.

பழைய பலகையைத் தூக்கிப் போடவில்லை. சூயிங்கத்தோடு அப்படியே கராஜில் இருக்கிறது. மாக்கலுக்கு அடியில் அதையே கொடுத்துப் பொருத்தலாம் என்று லானி சொல்கிறான். ஆனால் ஒரு சிக்கல். எடுக்கும்போது உயரத்தை அளந்து வைக்கவில்லை. ஓட்டையைப் பூசி வெள்ளை அடித்ததில் சுவரில் ஒரு கோடுகூட மிஞ்சவில்லை. சக்கர நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நான்தான் போட்டேன், எனக்கே உயரம் தெரியவில்லை. உனக்கு நினைவிருக்கிறதா?

கடைசியாக. மேஜையில் ஒரு தடவை சொன்னேன், வாசலில் ஒரு தடவை சொன்னேன். இது கார்க் கண்ணாடி என்று வைத்துக்கொள்.

இரேன், மார்லிஸ். வீட்டுக்கு வந்து இரு.

ஓரின்


டுலூத்
மே 22

ஓரின்,

ஒற்றைப் பூட்ஸ் என்று நான் படித்துக் காட்டியதும் ஆர்டிஸ் போய் உள்ளறை அலமாரியைத் திறந்தாள். இன்னொன்று அங்கே இருக்கிறது. சாவு முடிந்து கிளம்பும்போது இடது காலில் உன்னுடையதை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். "பெரிசா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். கேட்டா ஏதாவது நெனச்சுக்குவீங்களோன்னு விட்டுட்டேன்" என்கிறாள். அவளை என்ன செய்வது என்று நீயே சொல்.

அழுதேன். போதுமான அளவு. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

வெள்ளைக் கல் இருந்துவிட்டுப் போகட்டும். கறை படியாது என்கிறார்கள், பார்க்கலாம். மாக்கலுக்கு எண்ணெய் நீ தேய்க்காதே, பஸ்ஸுக்குக் கிரீஸ் போடுகிற மாதிரி அப்பிவிடுவாய்.

உயரத்தைக் கேட்டாய். எனக்குத் தெரியாது. என் முழங்கைக்குத் தெரியும். முக்காலியில் உட்கார்ந்து, கத்தி பிடிக்கிற மாதிரி கையை வைத்துப் பார்த்தேன், சரியாக அந்த இடத்தில் போய் நிற்கிறது. கோடு போட்டு அளவு எடுத்து அனுப்பலாம் என்று ஆர்டிஸ் சொன்னாள். இது அவள் முக்காலி, அவள் தரை. தப்பாகப் போய்விடும். முழங்கையைத் தபாலில் அனுப்பவும் முடியாது. அதனால் நான் வருகிற வரைக்கும் லானியிடம் கல்லை வெட்ட வேண்டாம் என்று சொல்.

பூட்ஸ் என்னோடு வருகிறது. இந்தக் கடிதம் முன்னால் வருமோ நான் முன்னால் வருவேனோ தெரியாது. கார் சத்தம் கேட்டால் காலில் மாட்ட எதையும் தேடிக்கொண்டிருக்காதே.

இப்போது முடிக்கிறேன், அவசரம். "இங்கயே என்கூட இருந்துடேண்டி" என்று ஆர்டிஸ் நேற்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்று காலை மறுபடி கேட்டாள். உனக்கு எதற்குச் சிரமம் என்றேன். அவள் மூன்றாவது தடவை கேட்பதற்குள் நான் காரில் ஏறிவிட வேண்டும்.

மார்லிஸ்